பத்துக்குப் பத்து

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடியலில் தொடங்கிய தூறல் சற்று முன்புதான் நின்றிருந்தது. முதலீட்டாளர் குறைதீர் அலுவலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடியில் நீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. விசாரணை அதிகாரி இவை அனைத்தையும் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதினார். வழக்குக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை எப்போதும் ஒன்றே: "மழை பெஞ்சா ஆளுங்க லேட்டா வருவாங்க. லேட்டா வந்தா அவசர அவசரமா பேசுவாங்க. அதையும் நான் கணக்குல எடுத்துக்கணும்ல?" அலுவலகத்தில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். அது அவருக்குத் தெரியும், ஆட்சேபித்ததில்லை.

மேசைக்கு எதிரே தையல்காரம்மாவும் அவருடைய தம்பியும் அமர்ந்திருந்தார்கள். தையல்காரம்மா பதினெட்டு ஆண்டுகளாக ஒரே வாடகைக் கடையில் தைப்பவர். கடையை விற்க முடிவு செய்த உரிமையாளர், முதல் வாய்ப்பை அவருக்கே கொடுத்து, ஏப்ரல் முப்பதாம் தேதிவரை தவணையும் கொடுத்திருந்தார். தவறினால் கடை பக்கத்து செல்போன் வியாபாரிக்குப் போகும். அதற்காகச் சேர்த்த பதினொரு லட்சத்தைத்தான், கொஞ்சம் பெருகட்டும் என்று, சென்ற அக்டோபரில் தம்பி காட்டிய ஆப் வழியாகக் கிரிப்டோவில் போட்டார். ஐந்தே மாதத்தில் அது மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

நிறுவனம் அனுப்பிய பதில் ஒன்றரைப் பக்கம். கிரிப்டோ விற்பதற்கு முன், வாங்குபவருக்கு அதன் ஆபத்து தெரியுமா என்று பத்துக் கேள்விகள் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டோம், பத்துக்கும் சரியாக விடையளித்தார், ஆகவே தெரிந்தே வாங்கியவர். நஷ்டம் அவருடையது.

"பத்துக்குப் பத்தா!" என்றான் தம்பி. "ஸ்கூல்ல ஒரு தடவையாச்சும் வாங்கியிருக்கியாக்கா?"

"வாயைத் தொறக்காத. உன் பேச்சைக் கேட்டுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

அக்காவைச் சேர்த்துவிட்டதற்கு நிறுவனம் அவனுக்குக் கொடுத்த வெகுமதி ஒரு குடை. மழை என்பதால் அதைக் கொண்டுவந்திருந்தான். வந்த இடம் நினைவுக்கு வந்ததும் நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தான்.

விசாரணை அதிகாரி நடந்ததைச் சொல்லுமாறு எவரையும் கேட்பதில்லை, செய்துகாட்டச் சொல்வார். கேள்வித்தாளின் நகலை எடுத்தார்.

"ஆறாவது கேள்வி. நிறுவனம் திவாலாயிட்டா உங்க பணம்..."

"'இ', மேடம்."

"நான் இன்னும் கேள்வியையே முடிக்கல."

"ஆறாவதுன்னா 'இ'தான்."

"சரி. 'இ'ன்னா என்ன?"

தையல்காரம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"தெரியாது மேடம்."

"ஒன்பதாவது?"

"'அ'."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இருநூறு வாடிக்கையாளர்களின் தோள், கை, இடுப்பு அளவுகளைத் தலையில் வைத்திருப்பவருக்குப் பத்து எழுத்துகள் ஒரு சுமையல்ல.

"காப்பி அடிச்சிட்டேன் மேடம்," என்றார் தையல்காரம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பாப் போனா, சரியான விடை எதுன்னு அதுவே பச்சைக் கலர்ல காட்டுச்சு. அது மறையறதுக்குள்ள முடிஞ்சவரை எழுதி வச்சுக்கிட்டு மறுபடி போட்டேன். இதை மனுவுல எழுதினா என் மேலயே கேஸ் ஆயிடும்னு சொல்லல. என்னை மன்னிச்சிருங்க."

"எத்தனை தடவை போட்டீங்க?"

"நாலு."

"எவ்வளவு நேரத்துல?"

"கால் மணி நேரம்கூட இருக்காது."

இரண்டு முறை தவறியவருக்கு ஒரு முழு நாள் கழிந்த பின்னரே மூன்றாம் வாய்ப்பு. தவறியவருக்குச் சரியான விடையைக் காட்டக் கூடாது. இவையும் விதிகள். நிறுவனத்தின் பதிலில் இவ்விரண்டும் இல்லை. தன் வழக்கை வெல்லவைக்கக்கூடிய ஒரே உண்மையை, தன் குற்றம் என்று எண்ணி, ஐந்து மாதங்களாக ஒளித்துவைத்திருந்தார் தையல்காரம்மா.

"எழுதின பேப்பர் இருக்கா?"

"இவன் கிழிச்சுப் போடுன்னான். ஆனா பின்பக்கம் துணி கொடுத்த டீச்சரம்மாவோட கை அளவு இருக்கு. அதை எப்படி மேடம் கிழிக்கிறது?"

அதிகாரி எழுந்தார். "வாங்க, கடைக்குப் போவோம்."

வாசலுக்கு வந்தபோது மறுபடியும் தூறியது. தம்பி வேறு வழியின்றிக் குடையை விரித்து நீட்டினான். நிறுவனத்தின் பெயர் நான்கு புறமும் பளிச்சிட்டது.

"வேண்டாம் தம்பி. அது எதிர்மனுதாரர் பொருள். நான் நனைஞ்சுக்கிறேன்."

நனைந்தார். இரண்டு தெருக்கள் தாண்டி, எட்டடி அகலக் கடைக்குள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரில் நீண்ட ஆணி. ஆணியில் பழுப்புத் தாள்கள் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் தேதி, மணி, நிமிடம்.

"நேரமும் போடுவீங்களா?"

"போடலைன்னா, நான் காலையிலயே கொடுத்தேன், இன்னும் தைக்கலியான்னு சண்டைக்கு வருவாங்க மேடம்."

அதிகாரி அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். குறிப்பேட்டில் வானிலை எழுதுபவருக்கு இது விளங்காமல் போகுமா?

தேடிய தாள் அடியில் இருந்தது. அக்டோபர் 9. நான்கு வரிசைகள், அவற்றின் மேலே 5.10, 5.14, 5.19, 5.22. முதல் வரிசையில் ஆறு எழுத்துகள் அடிக்கப்பட்டிருந்தன, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு, கடைசியில் ஒன்றுமில்லை. அதிகாரி படம் எடுத்தார். தாளை உறையிலிடுவதற்கு முன் அதைத் திருப்பி, டீச்சரம்மாவின் கை அளவை வேறொரு தாளில் எழுதி, அளவு சரிதானா என்று தையல்காரம்மாவிடம் வாசித்துக் காட்டி, ஆணியில் குத்திவைத்தார். அதன் பிறகே உறையை ஒட்டி, மேலே இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அன்று மாலையே அந்தக் கேள்வித்தேர்வின் முழுப் பதிவையும் கேட்டு நிறுவனத்துக்கு உத்தரவு போயிற்று. நிறுவனம் இரண்டு முறை அவகாசம் கேட்டது. ஒரு முறை கிடைத்தது. ஏப்ரல் 15 அன்று நிறுவனத்தின் வக்கீல், நிறுவனம் பதிவை வைத்து ஒட்டிக் கொடுத்த, இன்னும் பிரிக்கப்படாத உறையுடன் வந்தார்.

"அந்தத் தாளை எப்ப வேணும்னாலும் எழுதியிருக்கலாமே மேடம்? நேத்துகூட எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம். அதனாலதான் உங்க பதிவைக் கேட்டேன். பிரிச்சு நீங்களே படிங்க சார்."

வக்கீல் பிரித்தார். படித்தார். மறுபடியும், இம்முறை விரலை வைத்து, படித்தார். அக்டோபர் 9, 5.11, தோல்வி. 5.15, தோல்வி. 5.19, தோல்வி. 5.23, தேர்ச்சி. ஒவ்வொரு தோல்விக்கும் எதிரே 'விடைகள் காட்டப்பட்டன' என்று நிறுவனத்தின் கணினியே, கேட்காமலேயே, குறித்துவைத்திருந்தது.

"கடைக் கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஓடும் மேடம்," என்று தையல்காரம்மா மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

"எனக்கு அவங்க காட்டினது கடைசி வரி மட்டும்தான்," என்றார் வக்கீல்.

"தெரியும் சார். எனக்கும் அதைத்தான் அனுப்பினாங்க."

வக்கீல் நேர்மையானவர், அதற்கு மேல் வாதாடவில்லை. வெளியேறும்போது, வாசலில் நின்ற தம்பியின் கையிலிருந்த குடையை ஒரு கணம் பார்த்தார்.

"சார், இது வேணும்னா நீங்களே வச்சுக்குங்க," என்றான் தம்பி.

ஏப்ரல் 24, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம், மேகமற்ற வெயில். கடைக்கான தவணை முடிய ஆறு நாட்கள் இருந்தன. தீர்ப்பு பதினான்கு பத்திகள். ஒரு சொல்லை எடுத்தால் ஏதோ ஒன்று குறையும்; ஒரு சொல்லைச் சேர்க்க இடமில்லை. விலை இறங்கியதற்கு நிறுவனம் பொறுப்பல்ல; விற்றிருக்கவே கூடாத நேரத்தில் விற்றதற்குப் பொறுப்பு. எனவே பதினொரு லட்சமும், மூன்று வேலை நாட்களுக்குள், முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும்.

அதிகாரி வாசித்து முடித்ததும் தம்பி விரல்விட்டு எண்ணினான். "வெள்ளி, திங்கள், செவ்வாய். செவ்வாய்க்கிழமை வந்துரும்க்கா! ஒரு நாள் மிச்சம்!"

தையல்காரம்மா அவனைப் பார்க்கவில்லை. "மேடம், நான் காப்பி அடிச்சது... அதுவும் அதுல வருமா?"

"வரும். அதை விட்டுட்டா தீர்ப்பே நிக்காது."

தையல்காரம்மாவின் முகம் கவிழ்ந்தது. அதிகாரி பக்கத்தைத் திருப்பி, ஒன்பதாம் பத்தியை, அவசரமில்லாமல், படித்தார்: "விடைகளைக் காட்டியது எதிர்மனுதாரரின் செயலி. காட்டப்பட்டதைப் பார்த்து எழுதியவர் மனுதாரர். காட்டக் கூடாது என்று விதி உண்டு. பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. மனுதாரர் கடைப்பிடித்த ஒழுங்கு, இந்த வழக்கில் கிடைத்த ஆவணங்களுள் மிகவும் நம்பத்தக்கதைத் தந்தது என்பதை இவ்வலுவலகம் பதிவு செய்கிறது."

தையல்காரம்மா நிமிர்ந்தார்.

பிறகு அதிகாரி கடைசிப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். கையெழுத்திட்டார், அதன் கீழே தேதியும், மணியும், நிமிடமும். மை உலரும்வரை காத்திருந்தார். தையல்காரம்மா, விலையுயர்ந்த துணியை வாங்குவதற்கு முன் செய்வதுபோல, இரண்டு உள்ளங்கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அதிகாரி எழுந்து நின்று, தீர்ப்பை அந்தக் கைகளில் கொடுத்தார்.