மதாம் மர்ஷானின் பதில்

"வாசி புள்ள," என்றார் பூபாலசிங்கம். மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்ததால் சொல் பாதியாகத்தான் வெளியே வந்தது.

சீதேவி அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மற்றதில் நுரை அப்படியே இருந்தது. சவரக்கத்தியைத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து உறையை எடுத்தாள். உறை பெல்ஜியத்திலிருந்து எப்போதோ வந்தது. உள்ளே இருந்த தாளை அனுப்பியவர் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் சொந்தக்காரர். தை மாதம் இருபத்தேழாம் தேதி காலை சுடுதண்ணீர் நிறுத்தப்படும் என்று அதில் பிரெஞ்சில் அச்சடித்திருந்தது.

முதலில் பிரெஞ்சில் வாசிக்க வேண்டும். அது அவர் வைத்த முறை. ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்பார். அவள் சுடுதண்ணீர் அறிவித்தலை மெல்ல, மரியாதையான குரலில் வாசித்தாள். அவர் தலையாட்டினார்.

"இனித் தமிழில சொல்லு."

"சித்திரை மாதம் கொழும்புக்கு ஒரு குழு போகுதாம் அப்பா. மதாம்தான் தலைவியாம். முகாமெல்லாம் பாக்க அனுமதி கேட்டிருக்காவாம்."

"தலைவியோ?" அவர் கண்ணைத் திறந்தார். "போன முறை உபதலைவியெல்லோ?"

"ஓம். இப்ப தலைவி."

"ஞானத்தின்ட பேர்?"

"முதலாவதா இருக்காம்."

"எழுத்துப் பிழை ஒண்டும்?"

"இல்லை அப்பா. சரியா எழுதியிருக்கா."

அவர் பேனையைக் கேட்டார். விரல்களுக்கிடையில் அவள் பிடித்துக் கொடுக்க, தாளின் மூலையில் 23 என்று இலக்கம் போட்டார். மூன்றின் வால் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் மற்றக் கன்னத்தையும் வழித்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். கீழே இயந்திரத்தில் தேத்தண்ணி எடுக்கப் போயிருந்த அம்மா இரண்டு கடதாசிக் கோப்பைகளோடு வந்து சேர்ந்தபோது, தாதி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். அருளம்மா கோப்பைகளைக் கீழே வைக்கவில்லை. சூட்டோடு பிடித்தபடியே நின்றாள்.

பூபாலசிங்கம் மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு கடிதம் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்றைக்காவது அதற்கொரு பதில் வந்தே தீரும் என்று நம்பினார். எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் ஒரு சுற்றிவளைப்பில் மகன் ஞானேந்திரனை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவர் எழுதாத மேசை இல்லை. பதில் வந்தது ஒரே ஒரு மேசையிலிருந்துதான். பாதிரியார் ஒருவர் கொடுத்த விலாசம் அது. ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் மதாம் ஒடில் மர்ஷான், பெல்ஜியம்.

முதல் கடிதத்தோடு அந்த அம்மா தன்னைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றையும் வைத்திருந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். முதல் தேர்தலில் தோற்றார். இரண்டாவதில் நூற்றுப்பதினொரு வாக்கால் வென்று தன் நாட்டுப் பாராளுமன்றத்துக்குப் போனார். அங்கே பத்து வருடம் பெண்களின் சம்பளத்துக்காகவும் அகதிகளுக்காகவும் வாதாடினார். எண்பத்துநான்கில் ஐரோப்பியப் பாராளுமன்றம். அந்தக் கடிதத்தில் ஞானேந்திரன் என்ற பேரை இரண்டு எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார். பூபாலசிங்கம் திருத்தி எழுதிப் போட்டார். அடுத்த கடிதத்தில், தட்டச்சு வரிகளுக்குக் கீழே, தன் கைப்பட மன்னிப்புக் கேட்டிருந்தார்.

"மனிசி எண்டா இதுதான் மனிசி," என்றார் பூபாலசிங்கம் அன்றைக்கு.

எண்பத்தாறில் அவர்கள் மூவரும் கனடாவின் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கார்த்திகையில் மதாம் சபையில் எழுந்து ஞானேந்திரனின் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்டார். சபை நடவடிக்கைப் பதிவில் அது வந்த பக்கத்தை அனுப்பியும் வைத்தார். சபனெல் தெருத் தையல் ஆலையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த பூபாலசிங்கம், தேத்தண்ணி நேரத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் எல்லாம் அந்த நூற்றுப்பதினொரு வாக்குக் கதையைச் சொல்வார். "பதிவாகியிட்டுது பாருங்க. பதிவானா ஆரும் அழிக்கேலாது. பதில் சொல்லத்தான் வேணும்."

ஒன்பதாவது கடிதம் எண்பத்தேழு ஐப்பசியில் வந்தது. சீதேவி அதற்குள் பிரெஞ்சு வகுப்பை முடித்துவிட்டு, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. மதாம் மர்ஷான் தன் நாட்டில் வீடமைப்பு அமைச்சராகிவிட்டார், ஆகையால் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலிருந்து விலகிவிட்டார், கோப்பு அவருடைய இடத்துக்கு வந்தவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று செயலாளர் எழுதியது ஒன்று. மற்றது கொழும்பிலிருந்து வந்த பதிலின் பிரதி. இந்தப் பேருடைய எவரும் ஒருபோதும் கைதுசெய்யப்படவில்லை.

அன்று காலைதான் பூபாலசிங்கத்தின் இதயம் மூன்றில் ஒரு பங்கே வேலைசெய்கிறது என்று வைத்தியர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"என்னவாம் புள்ள?"

"மதாமை ஏதோ குழுவுக்கு உபதலைவியா போட்டிருக்காம் அப்பா," என்றாள் சீதேவி. "இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கினமாம்."

ஒரு கிழமைக்கு என்றுதான் நினைத்தாள். அவர் வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் வீட்டுக்கு வந்தார், தேறவில்லை. மதாமின் இடத்துக்கு வந்தவருக்கு மூன்று கடிதம் எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அமைச்சருக்கே எழுதினாள். வெளிநாட்டு விடயங்கள் தங்கள் அமைச்சுக்கு உரியவையல்ல என்று யாரோ ஒருவர் கையெழுத்திட்டிருந்தார். எல்லாவற்றையும் களஞ்சியத்தில் தன் லொக்கருக்குள் வைத்துப் பூட்டினாள். வீட்டில் மதாம் படிப்படியாக உயர்ந்துகொண்டே போனார். அறிக்கை சமர்ப்பித்தார், ஜெனீவாவில் பேசினார், ஒருமுறை சபையில் மேசையில் அடித்துக்கூடக் கேட்டார். அன்றைக்கு பூபாலசிங்கம் இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

பூபாலசிங்கத்தின் செத்தவீட்டுக்கு மலர்ச்சாலையில் அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். வெளியே குளிர் சைபருக்குக் கீழே இருபது. சப்பாத்துகளில் ஒட்டிய பனி கரைந்து கம்பளம் முழுக்க நனைந்திருந்தது. தேவாரம் படிக்க வந்த அருளம்பலம் கிரியைக்கான சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்:

"ஆம்பிளைப் பிள்ளை இருக்கிறாரோ?"

"இருக்கிறான்," என்றாள் அருளம்மா.

"வரச் சொல்லுங்கோ."

ஒருவரும் எழுந்து வரவில்லை. அருளம்பலம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு வெற்றிலையைத் திரும்ப எண்ணத் தொடங்கினார். தையல் ஆலையில் அப்பாவோடு வேலைசெய்த பேரின்பநாயகம் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார்.

சீதேவி வீட்டிலிருந்து அப்பாவின் கடிதக் கோப்பைக் கொண்டுவந்திருந்தாள். கச்சேரிக் கோப்பைப் போலவே நாடா கட்டிய மட்டை. முதல் நாள் அதை அவிழ்த்துப் பார்த்திருந்தாள். அவள் வாசித்துக்கொடுத்த ஒவ்வொரு தாளும் இருந்தது. தொலைபேசிக் கட்டணப் பட்டியல், பல் வைத்தியரின் நினைவூட்டல், பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தின் விளம்பரம். ஒவ்வொன்றின் பின்னும் அவள் சொன்ன பொய்யை, திகதியிட்டு, கச்சேரித் தமிழில் சுருக்கமாக அவர் எழுதிவைத்திருந்தார். அதை அவரோடேயே அனுப்பிவிட வேண்டும். அவருடைய வலக்கைக்குக் கீழே கோப்பைச் செருகினாள்.

"என்ன புள்ள செய்யிற?" பேரின்பநாயகம் கையை நீட்டி அதை வெளியே இழுத்தார். "இத எரிக்கப்படாது."

"அப்பாட சாமான் மாமா. அவரோட போகட்டும்."

"அவர்ட மட்டுமில்ல. எங்கட பிள்ளையள்ட பேரும் இதுக்குள்ளதானே கிடக்கு." அவர் கோப்பைத் திறந்து, கடைசி மட்டையோடு ஊசியால் குத்தியிருந்த தாளைக் காட்டினார். பதினொரு பேர். பேர், பிறந்த திகதி, பிடித்த இடம், பிடித்த நாள். அப்பாவின் எழுத்து. முதல்நாள் அவள் கடைசி மட்டை வரை புரட்டவில்லை. "உன்னட்டக் குடுத்து மதாமுக்கு அனுப்பச் சொல்லுறன் எண்டவர். சித்திரையில அந்த அம்மா கொழும்புக்குப் போறா எண்டு திங்கக்கிழமை எனக்குப் போன் பண்ணினவர். அந்த மூச்சுத் திணறலோட."

"திங்கள் நான் சொல்லயில்லயே, புதன்தானே வாசிச்சனான்," என்றாள் சீதேவி. வாய் தவறி வந்துவிட்டது.

"நீ புதனுக்கு முதல் ஒருக்கா வாசிச்சிருப்பாய். எனக்கென்ன தெரியும்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பயணக் கதை அப்பா கேட்ட ஒன்று. 'அவ ஒருக்கா நேர போனா நல்லது புள்ள' என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்டதை அவர் நடந்ததாக்கிக்கொண்டார், அவள் அதற்குப் பிறகு கடிதம் வாசித்தாள். யார் யாருக்குச் சொன்னது என்று இனிப் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைச் சுற்றி வந்து, அருளம்மாவைக் கட்டி அழுதுவிட்டு, சீதேவியிடம் வந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அல்போன்சம்மா எழுந்து வந்தார். திருகோணமலைக்காரி, ஆலையில் பொத்தான் தைப்பவர். அப்பாவின் பதினொரு பேரில் நான்காவது அவருடைய மகன் கிறிஸ்தோப்பர்.

"பிள்ளை," என்று காதோடு கேட்டார். "இந்த நேரத்தில கேக்கிறதுக்குக் குறை நினைக்காதை. என்ர மோன்ர பேருக்கு அந்த அம்மா ஏதும் எழுதினவவோ?"

சீதேவிக்கு மூன்று நாளாக நித்திரையில்லை. இன்னொரு தாளைப் பார்த்து இன்னொரு குரலில் வாசிக்க உடம்பில் பலமில்லை.

"அன்ரி, அவ இப்ப அங்க இல்லை."

"எங்க போட்டா?"

"அவட நாட்டில மந்திரியாப் போயிட்டா. ஒண்டேகால் வருசமாச்சு. அதுக்குப் பிறகு எழுதவேயில்லை. வந்ததெல்லாம் நான் சொன்னது."

அல்போன்சம்மா அவளுடைய கையை விடவில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். சவரம் செய்த முகம், நெற்றி நிறையத் திருநீறு.

"அப்பருக்குச் சொன்னனீயோ?"

"இல்லை."

"அவருக்குச் சொல்லேல்லை." அல்போன்சம்மாவின் குரல் ஏறவில்லை. "அப்ப எனக்கு ஏன் பிள்ளை சொன்னனீ?"

கையை விட்டுவிட்டுப் போய்த் தன்னுடைய கதிரையில் இருந்தார். மடியில் கைப்பையை வைத்து, அதன் பூட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் நின்றார்கள். புரோசார்டிலிருந்து பஸ் மாறி வந்திருந்த ஒரு தகப்பன் சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். "தங்கச்சி, இது பிந்தித்தான் எனக்குத் தெரிய வந்தது. பன்னிரண்டாவதாச் சேக்கலாமோ?" சீதேவி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அல்போன்சம்மா இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு கடதாசியை வாங்கி விரித்தாள்.

"பிறந்த திகதி வடிவா விளங்கயில்ல," என்றாள். "ஒருக்காச் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது நாலரை மணி. வெளிச்சம் அதற்குள் நீலமாகிவிட்டிருந்தது. பேரின்பநாயகத்தின் கார் பனியில் புதைந்துபோய் நின்றது. அருளம்மாவைப் பின் ஆசனத்தில் ஏற்றிவிட்டு அவர் ஸ்டார்ட் செய்தார். சில்லு அதே இடத்தில் கிடந்து சுழன்று, கறுத்த பனியை வாரி இறைத்தது. நாலைந்து ஆம்பிளைகள் தள்ள வந்தார்கள். சீதேவி வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூட்ஸ் காலைப் பனியில் ஊன்றி, டிக்கியில் இரண்டு கையையும் வைத்தாள். இரும்பின் குளிர் கையுறைக்குள் இறங்கியது.

"ஒண்டு, ரெண்டு," என்றார் யாரோ.

கார் அசையவில்லை. உள்ளே அம்மாவின் தலை பின்கண்ணாடியில் ஒருமுறை ஆடி நின்றது. பஸ் தரிப்பிடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அல்போன்சம்மா பாதி வழியில் நின்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கையுறையில்லாத இரண்டு கைகளையும் சீதேவியின் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னொருக்கா," என்றார்.