பதினான்காம் நாள் தையல்

அறுபது பேரின் புண்களும் அவரவர் காலை விட்டு இறங்கித் தாளில் ஏறிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கும் மதியம் ஒன்றே காலுக்கும் இடையில். நடுவில் தேநீருக்காகப் பதினைந்து நிமிடம் விட்டிருந்தார்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் எந்தப் புண்ணும் நகரவில்லை. மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், எக்ஸ்ரே அறைக்கும் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறைக்கும் நடுவே இருந்த பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இது நடந்தது. வெட்டுக்காயப் பூண்டு என்ற சாதாரணச் செடியின் சாறு நாள்பட்ட புண்ணை ஆற்றுமா என்று அங்கே ஒரு பெண் ஆறு வருடமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். சோதிக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். செடியின் பெயரிலேயே முடிவு இருப்பதால் இது ஒருதலைப்பட்சமான ஆய்வு என்று நெறிமுறைக் குழு முதல் வருடம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம் அவர் லத்தீன் பெயரைப் போட்டு அனுப்பினார். அப்படியொரு செடி இருப்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். செடி மருத்துவமனைச் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே முளைத்துக் கிடந்தது, ஆனால் அது சான்றிதழ் ஆகாது. இப்படியே போய்ப் போய் மருத்துவமனை முழுக்க அவருக்கு ஆராய்ச்சியக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. "கல்யாணத்தப்ப இன்னும் ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்னே. நம்ம பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிக்கறா, நீ இன்னும் முன்னுரையிலயே நிக்கறே" என்று கணவர் வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்காட்டினார். பல்கலைக்கழகம் மூன்றாவது முறையாகக் கொடுத்த கால நீட்டிப்பில் 'இதுவே கடைசி' என்று முத்திரையே குத்தியிருந்தார்கள். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருடமும் அம்பேல்.

புண்ணை அளப்பது கஷ்டமான வேலையே இல்லை. ஒளி ஊடுருவும் மெல்லிய தாளைப் புண்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைய வேண்டும். பிறகு தாளைக் கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வைத்து, கோட்டுக்குள் எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். நாளாக நாளாகக் கட்டம் குறைந்தால் புண் ஆறுகிறது என்று பொருள். அந்தச் செவ்வாய்க்கிழமை முதலில் உட்கார்ந்தவர் ஒரு தபால்காரர். பேனா கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து கோடு மூடிக்கொண்டதும் தபால்காரர் காலில் வழவழவென்று தோல் இருந்தது. தாளில் ஈரமாக, சிவப்பாக, ஓரத்தில் லேசாக மஞ்சள் பூத்துப் புண் இருந்தது. தபால்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். ஆறாவது ஆளுக்கும் அப்படியே ஆனபோது ஆராய்ச்சியக்காவுக்கு வியப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆற்றுவதற்குப் புண்ணே இல்லாவிட்டால் மருந்தை எதன்மேல் போட்டுப் பார்ப்பது? நிறுத்தலாம் என்றால், அதற்குள் வரிசையில் விஷயம் பரவி ஆளாளுக்கு முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அறுபது தாளையும் புரட்டிப் பார்த்தார். "அளவெடுத்ததுக்கே ஆறிடுச்சுன்னா மருந்து எதுக்கு? மருந்து இல்லைன்னா நீ எதுக்கு? நீ இல்லைன்னா..." என்றவர், அடுத்து வருவது தன் நாற்காலி என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். கோப்பில் சேர்ப்பதற்காக எழுத்தர் நான்காம் எண் தாளில் துளை போட, அது ரத்தம் கக்கி மேசை விரிப்பு வீணானது. அதைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடிதான் பேராசிரியருக்கு யோசனை வந்தது. புண் எங்கே இருக்கிறதோ அதுதான் நோயாளி, ஆய்வைத் தாளில் நடத்து என்றார். நெறிமுறைக் குழு இதற்கு ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. தாளில் புண் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாள்களின் வயதும் எடையும் கேட்டார்கள், அவை கர்ப்பமாக இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள், தாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் புண்ணின் உரிமையாளர் போட்டால் போதும் என்று பெரிய மனது பண்ணினார்கள். அனுமதி வந்தபோது நவம்பர் இருபத்தெட்டு.

மருந்தாளுநர் முத்திரையிட்ட உறைகளைப் பிரித்துத் தாள்களை இரண்டு பாதியாகப் பிரித்தார். முப்பதுக்குப் பூண்டுச் சாறு கலந்த மெழுகுக் களிம்பு. மீதி முப்பதுக்குச் சாறு இல்லாமல் பச்சை நிறம் மட்டும் போட்ட வெறும் மெழுகு. இருபத்தொரு நாள் தினமும் தடவி, தினமும் கட்டம் எண்ண வேண்டும். தாள்களைத் துணி காயப்போடுவதுபோல அறைக்குள் கொடி கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புண்ணின் உரிமையாளர்களில் ஐம்பத்தொன்பது பேர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர் பதினேழாம் எண் மட்டும்.

அவர் தையல்காரர். பதினோரு வருடம் முன்பு இஸ்திரிப் பெட்டி முழங்காலுக்குக் கீழே விழுந்து வந்த புண், பார்க்காத வைத்தியம் இல்லை. இப்போது கால் பளபளவென்று இருந்தும் தினமும் காலை பஞ்சும் துணியுமாக வந்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"உங்களுக்கென்ன அண்ணே, கல்யாண மாப்பிள்ளை கால் மாதிரி இருக்கு."

"என்னைக் கேக்கல. அதைக் கேட்டேன்."

பதினோரு வருடமாகக் காலையில் எழுந்ததும் அதைக் கழுவித் துடைத்துக் கட்டிய கை, இப்போது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றார். அதற்குச் செய்ததில் பாதி எனக்குச் செய்திருந்தால் நான் இந்நேரம் எப்படியோ இருந்திருப்பேன் என்று அவர் மனைவி சொன்னதையும் அவரே சொன்னார். பதினோராம் நாள், பக்கத்தில் தொங்கிய பதினெட்டாம் எண் தாளில் புண் கடலையளவுக்குச் சுருங்கியிருந்தது. பதினேழு அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"அவனுக்கு மட்டும் நல்ல மருந்தாம்மா?"

"எது யாருக்குன்னு எனக்கே தெரியாதுண்ணே. மருந்தாளுநருக்குத்தான் தெரியும்."

"அப்ப எதைப் பாத்துப் பிரிச்சீங்க?"

"எதையும் பாக்காமப் பிரிக்கணும். அதுதான் முறை."

"ஒரு ஜாக்கெட் துணியைக்கூட நான் பாக்காம வெட்டமாட்டேன்" என்று தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, அந்த டப்பாவுலேர்ந்து ஒரு விரல் எடுத்து இதுலயும் தடவு. யாருக்குத் தெரியப்போகுது?"

"மருந்து போடவே கூடாதுண்ணே. போட்டா என் ஆறு வருஷம் போச்சு. சத்தியமா அந்த டப்பாவுல கைவைக்கக் கூடாது."

மருந்து போடமாட்டேன் என்று தையல்காரர் வாக்குக் கொடுத்தார். அதை அவர் மீறவும் இல்லை. பதினான்காம் நாள் மதியம் ஆராய்ச்சியக்கா நெறிமுறைக் குழுவின் காலாண்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டு நாலரைக்குத் திரும்பினார். கொடியில் வாயைப் பிளந்த புண் ஒன்றுகூட இல்லை. தையல்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பல்லால் கடைசி நூலை அறுத்துக்கொண்டிருந்தார். முதலில் தன்னுடையதை மட்டும்தான் தைத்தாராம். ஓரம் ஒட்டாத புண்ணைத் தைக்க முடியாது என்று பதினோரு வருடமாக டாக்டர்கள் சொன்னது காலில் இருந்தவரைக்கும் சரிதான், தாளில் விரித்துப் போட்டால் அதுவும் ஒரு கிழிசல்தானே என்றார். பார்த்தால் வரிசையாக இன்னும் இருபத்தொன்பது வாயைத் திறந்துகொண்டு தொங்கின, பாவமாக இருந்தது, ஊசியும் கையில் இருந்தது. அன்று மதியம் ஊரின் வெவ்வேறு மூலைகளில் இருபத்தொன்பது பேர் எறும்பு கடித்ததாக நினைத்துக் காலைச் சொறிந்திருக்கிறார்கள்.

"மருந்துதானே போடக் கூடாதுன்னே? நான் தைச்சேன்."

ஆராய்ச்சியக்கா நாற்காலி தேடி உட்கார்ந்தார். களிம்பு போட்ட முப்பதும் ஆறிக்கொண்டிருந்தன. போடாத முப்பதும் ஒரே மதியத்தில் மூடிவிட்டன. வித்தியாசம் இல்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள், வேலை செய்த மருந்துக்கு இப்படியொரு கதி.

பேராசிரியருக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. "நூல்தானே? பிரிச்சுடு. இன்னும் ஏழு நாள் தடவி, கட்டம் எண்ணி, எழுதிக் குடு. எவன் கேக்கப்போறான்?" மறுநாள் காலை ஆராய்ச்சியக்கா மேசைமேல் பதினேழாம் தாளை விரித்து, பிளேடைப் பாதியாக உடைத்து எடுத்துக்கொண்டார். வழக்கம்போல வந்த தையல்காரர் வாசலிலேயே நின்றார்.

"என்னம்மா பண்றே?"

"பிரிக்கணும்ண்ணே."

அவர் உள்ளே வந்தார். "பிரிக்கறதுன்னா என்னுதைப் பிரி. மத்தவங்க தாளைத் தொடாதே. அவங்களைக் கேக்காமத் தைச்சது என் தப்பு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். தையலைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஆராய்ச்சியக்காவுக்குக் கால்மணி நேரம் ஆனது. பிளேடு முனையால் ஒரே ஒரு கண்ணியை அறுத்தார். தாளில் மயிரிழை அகலத்துக்கு ஓரம் விலகியது. ஸ்டூலில் இருந்தவர் ஒரு கீறல்கூட இல்லாத காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"வலிக்குதா?"

"நீ உன் வேலையைப் பாரும்மா. எனக்கு இது பழக்கம்தான்."

ஆராய்ச்சியக்கா தாளைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார். பிளேடைப் பழைய வார இதழில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அறுத்த கண்ணியைத் தைத்துவிடச் சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்து, நாள் பதினான்கு என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதினார். எத்தனை புண், எத்தனை மணிக்கு, யார் என்பதையும் எழுதினார். அதற்கு மேல் ஆய்வில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

"பிரிக்கலை சார்" என்று பேராசிரியரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உண்மையை எழுதித்தான் பட்டம் வாங்கணும்னா இங்க பாதிப் பேர் வீட்டுலதான் இருக்கணும்" என்றார். ஆனாலும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, பதினான்காம் நாள் தான் ஊரிலேயே இல்லை என்று முன்தேதியிட்டு ஒரு விடுப்புக் கடிதமும் எழுதிக்கொண்டார். ஆய்வேடு டிசம்பர் முப்பத்தொன்று மாலை நான்கு ஐம்பதுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

மார்ச்சில் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். வரைபடத்தில் களிம்புக்கான கோடு சீராக இறங்கியது. வெறும் மெழுகுக்கான கோடு பதின்மூன்று நாள் நேராகப் போய், பதினான்காம் நாள் மாடியிலிருந்து குதித்ததுபோல் தரைக்கு வந்தது.

"இது என்னம்மா?"

"தையல்காரர் தைச்சுட்டார் சார்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார்."

"பிரிச்சிருக்கலாமே?"

"வலிக்குது சார்."

"தாளுக்கா?"

"அவருக்கு."

தேர்வாளர் பதினேழாம் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார், விரலால் தடவிப் பார்த்தார், நகத்தால் வருடினார். தையல் அகப்படவில்லை. பேராசிரியர் கூரையில் விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார். இருந்தது ஒரே விசிறி. தேர்வாளர் பேனாவைத் திறந்து நெடுநேரம் எழுதி, ரயிலைத் தவறவிட்டார். பதின்மூன்று நாள் கணக்கே போதுமானது, மருந்து வேலை செய்கிறது, பட்டம் வழங்கலாம் என்று அறிக்கை சொன்னது. ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், பதினான்காம் நாள் பயன்படுத்திய நூலின் எண்ணும் ஊசியின் எண்ணும் குறிப்பிடப்படவில்லை; குறிப்பிடவும்.

ஆராய்ச்சியக்கா தையல் கடைக்குப் போய்க் கேட்டார். அறுபதாம் நம்பர் நூல், ஒன்பதாம் நம்பர் ஊசி. திருத்தத்தை எழுதிக் கொடுத்த பன்னிரண்டாம் நாள் பட்டம் வந்தது. பதினேழாம் எண்ணைத் தையல்காரரிடம் கையிலேயே கொடுத்துவிட்டு, மற்ற தாள்களை ஆய்வு விதிப்படி உரிமையாளர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். தபால்காரர் தன்னுடையதைத் தானே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பட்டுவாடா செய்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பெரும்பாலானோர் தாளை வீட்டுப் பத்திரத்தோடும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழோடும் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஈரக்காற்று அடிக்கும் நாளில் அது அரிக்கும். எடுத்து, லேசாகச் சொறிந்துவிட்டு, மடியாமல் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.