ஒரு விரல் கனம்

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். பூவேலைச் சட்டத்தின் ஒரு பக்கம் மாமியார், எதிரே பெரிய மருமகள். இருவருக்கும் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க இளைய மகன். வாசலருகே நாற்காலியில், துணியை வாங்கிப்போக வந்த கடைக்காரர். கீழே, சட்டத்தின் காலடியில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி இளையவனின் மனைவி.

பட்டு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஓரத்து உருளையில் செருகிய இரும்புக் கம்பியை இழுத்து, சட்டத்தின் காலில் இருக்கும் ஆணியில் மாட்டினால் துணி விறைத்து நிற்கும். பாதி வேலையில் ஆணி பிடுங்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்த சின்னவள் பாய்ந்து கம்பியைப் பிடித்தாள். அப்போது பிடித்தவள்தான்.

"அத்தை, கை மரத்துப்போச்சு."

"மரத்துப்போனா வலி தெரியாது, பிடி. துணி தொய்ஞ்சா ஜரிகை மொத்தமும் சுருங்கிடும். இன்னும் ரெண்டு இலைதான்."

"தையல்தான் வரல," என்றாள் பெரியவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆணி வேலையாவது பாக்கட்டும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார்.

கம்பி நழுவியது. சின்னவளின் ஆள்காட்டி விரல் கம்பிக்கும் சட்டத்தின் காலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டது. அவள் அலறியதும் இளையவன் எழுந்துவிட்டான்.

மாமியார் பட்டைச் சுண்டிப் பார்த்தாள். டங்கென்றது.

"உக்காருடா. துணி நல்லாத்தான் நிக்குது."

"விரலும்மா..."

"கம்பியை இன்னும் இழுத்தா பட்டு கிழியும். விரலை உருவினா தொய்ஞ்சுடும். நீயே சொல்லு, என்ன செய்ய?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, நூலைக் கோத்து அண்ணியிடம் நீட்டினான்.

"கத்தாதேடி, எனக்குக் கை நடுங்குது," என்றாள் பெரியவள்.

சின்னவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

இரண்டு இலையும் முடிந்தன. முடிச்சுப் போட்டு, நூலை நறுக்கி, துணியின் அடிப்பக்கத்தையும் தடவிப் பார்த்த பிறகே மாமியார் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். விரல் கறுத்துத் தட்டையாகியிருந்தது. நகம் கம்பியில் ஒட்டியிருந்தது. கடைக்காரர் பட்டை வெளிச்சத்தில் விரித்து, ஒரு சுருக்கம்கூட இல்லை என்று மெச்சினார்.

ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். மாமியார் அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கதவு திறந்தேதான் இருந்தது. மாமியார் அவளைத் தொடவில்லை. யாருமே தொடவில்லை.