பார்வைக்கு வாங்கிய லேப்டாப்

வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு ஆகிவிட்டது, பெயர்தான் இன்னும் வளரவில்லை. இருப்பது கடல் கடந்து வந்த ஊரில், டயர்க் கடைக்கு மேலே, மூன்று கட்டில் போட்ட ஓர் அறையில். வேலை மருந்துக் கிடங்கில். பெட்டியை எடை பார்த்து, சீட்டு ஒட்டி, வண்டிக்கு அனுப்ப வேண்டும். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் அவனுக்கு மனசு ஆறாது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியவன் திரும்ப ஏறிப்போய் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவன் கோட்டை விட்ட கதை இது.

அவன் தங்கச்சி தையல்காரி. கைக்குழந்தைக்காரி என்பதால் வெளியே வேலைக்குப் போக வழியில்லை. தையல் வகுப்பு நடந்த இடத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. அதில், சட்டையின் வெட்டு வடிவங்களைத் திரையிலேயே வரைகிற ஒரு மென்பொருளைப் பழகியிருந்தாள். கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், வருஷா வருஷம் எவனுக்கும் கப்பம் கட்ட வேண்டாம். அதைத் தேடிப் பிடித்துச் சொன்னவனே சின்னவன்தான். "உன் கத்தரிக்கோலுக்கு நீ வாடகை கட்டுறியா? இதுவும் அப்படித்தான், உன்னுது," என்று போனில் வகுப்பே எடுத்திருந்தான்.

சீருடை தைக்கிற கம்பெனி ஒன்று அவளுக்கு ஒரு சோதனை வைத்தது. ஒரே சட்டையை ஆறு அளவுகளில் வரைந்து, அந்தத் துண்டுகளைத் துணி வீணாகாமல் அடுக்கிக் காட்டி, கணினிக் கோப்பாக அனுப்ப வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தபடியே நிரந்தரமாக வேலை. ஆனால் வகுப்பு முடிந்துவிட்டது. அந்தக் கணினியும் கையை விட்டுப் போய்விட்டது.

"பழசு போதும்ண்ணா. ஓடினா சரி," என்றாள் தங்கச்சி.

பழைய கணினி விற்கிற கடை, முடிவெட்டும் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் ஒரு சந்து போல இருந்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதைத் தேடி மேசையைத் துழாவிக்கொண்டிருப்பார். சின்னவன் கூடவே அறைத்தோழன் தாடியையும் கூட்டிப்போனான். தாடிக்கு இப்போது தாடியே இல்லை, எப்போதோ மழித்துவிட்டான்; பேர் மட்டும் மழிபடவில்லை.

ஓர் அலுவலகத்தை மூடியபோது வந்த சரக்கு என்று ஒரு கனத்த லேப்டாப்பைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். கறுப்பு. மூலையில் கீறல். அடிக்கடி தட்டின விசைகளில் எழுத்தே இல்லை. சின்னவன் தன் பென் டிரைவைச் செருகி லினக்ஸ் என்கிற கட்டற்ற இயங்குதளத்தை ஓடவிட்டான். வைஃபை கேட்காமலே பிடித்துக்கொண்டது. ஒலி வந்தது, கேமரா வந்தது, மூடித் திறந்தால் தூங்கி எழுந்தது. கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினான். மெமரி செருக இரண்டு பள்ளம், ஒன்று காலி. இன்றைக்கு இருப்பது போதாவிட்டால் நாளைக்கு ஒன்று வாங்கிச் செருகலாம். பேட்டரியைக் கையாலேயே உருவி மாற்றலாம்.

"என்ன தம்பி, பொண்ணு பார்க்க வந்தாப்ல பல்லெல்லாம் எண்ணுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு பார்க்கப் போனாக்கூட இவன் இவ்வளவு பார்க்க மாட்டான்," என்றான் தாடி.

சின்னவன் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தான். வழியெல்லாம் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்து வந்தான். அந்தச் சந்தோஷத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அறைக்கு வந்ததும் வராததுமாக வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டு, கட்டிலின் மேல் வைத்துக் காட்டினான்.

அந்தப் பக்கம் அம்மா, தங்கச்சி, அவள் புருஷன் மூன்று பேரும் ஒரே போனுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது, செங்கல்லுக்கு மூடி போட்டாப்ல இருக்கு?" என்றாள் அம்மா.

"மச்சான், இது லேப்டாப்பா, இஸ்திரிப் பெட்டியா?" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். "தைக்கிறவ ஆச்சே, தேச்சும் குடுக்கட்டும்னு ஒரே பெட்டியா அனுப்புறீங்களோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான், காது மட்டும் சூடாகிவிட்டது.

"எழுத்து அழிஞ்சிருந்தா என்ன, எனக்குக் கை பழகிடும்ண்ணா," என்றாள் தங்கச்சி, குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே. "உள்ள நல்லா இருக்குல்ல?"

"உள்ள இருக்கிறது யார் கண்ணுக்குத் தெரியும்?" என்று அம்மா மறித்தாள். "நாலு பேர் வந்து போற வீடு. அண்ணன்காரன் வெளிநாட்டுலேர்ந்து அனுப்பினதுன்னு எடுத்து வெச்சா, ஏதோ காயலான் கடையில பொறுக்கினதுன்னு நினைக்க மாட்டாங்களா? உனக்கு அங்க நிஜமாவே வேலை இருக்காடா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் தைத்தது. வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியே அதுதான். இங்கே அவன் படுகிறது யாருக்கும் தெரியாது. அங்கே போய்ச் சேருகிற பொருள்தான் அவனுக்காகப் பேச வேண்டும். அந்தப் பொருளே வாய் திறந்து 'இவன் பிழைக்கத் தெரியாதவன்' என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் வேலை விட்டதும் கறுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினான். தாடியும் பின்னாலேயே வந்தான்.

"நேத்துதானே தம்பி மடியில வெச்சுக் கொஞ்சினீங்க?" என்றார் கடைக்காரர்.

"பார்க்க நல்லதா ஒண்ணு குடுங்க."

வெள்ளி நிறத்தில் ஒன்று வந்தது. ஒரு பள்ளிக்கூட நோட்டை விடச் சற்றுத்தான் தடிமன். மூடியைத் திறந்தால் எதிரில் இருப்பவர் முகம் பளபளத்தது. சின்னவன் பென் டிரைவைச் செருகினான், எல்லாம் ஓடியது. மெமரி எவ்வளவு என்று பார்த்தான். கறுப்பில் இருந்ததில் பாதி. அதுவும் உள்ளே இருக்கிற மின்பலகையோடு பற்றவைத்தது. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது.

"டேய், இது வேணாம்டா," என்றான் தாடி.

"லினக்ஸ்தானே போடப்போறேன்? எந்த ஓட்டை மிஷினும் பறக்கும்டா அதுல."

"பறக்கிறது லினக்ஸ். அதுமேல உக்கார்ந்து வேலை பார்க்கப் போறது உன் தங்கச்சி. அவ எடையை யாரு தாங்குவா?"

"உனக்கு எப்பவுமே நொட்டைச் சொல்தான்."

சின்னவன் கறுப்பைக் கொடுத்துவிட்டு வெள்ளியை வாங்கிக்கொண்டான். அவர்கள் வாசல் இறங்கும்போதே வேறொருவர் கறுப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையில் உட்கார்ந்து லினக்ஸை ஏற்றினான். உள்ளதிலேயே இலேசான வகையாகப் பார்த்துப் போட்டான். தங்கச்சியின் மென்பொருளையும் நிறுவித் திறந்து பார்த்தான். ஒரு சட்டை, ஓர் அளவு. பளிச்சென்று வந்து நின்றது. சரி, போதும் என்று மூடிவிட்டான். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன், அன்றைக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டான். மறந்துபோய் இல்லை. இரண்டாவது அளவைப் போட்டுப் பார்க்கப் பயம்.

ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். போய்ச் சேர்ந்த அன்று வீட்டில் ஒரே அமர்க்களம். அம்மா பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துக் காட்டினாளாம். "தொட்டா விரல் வழுக்குதுடா," என்று பூரித்துப் போனாள். மாப்பிள்ளை, "மச்சான், இப்பத்தான் நீங்க வெளிநாட்டுல இருக்கிற மாதிரியே இருக்கு," என்றார். சின்னவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"எப்படிப் போகுது?" என்று தங்கச்சியைக் கேட்டால், "நல்லாப் போகுதுண்ணா," என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். பிறகு ஒரு நாள், "அந்த வேலை எனக்கு ஒத்துவரலண்ணா, விட்டுட்டேன்," என்றாள்.

சின்னவனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஒருத்தன் இங்க எலும்பு தேய நிக்கிறான், உனக்கு ஒத்துவரலையா? உக்கார்ந்த இடத்துல வேலை வந்தும் செய்ய உடம்பு வணங்கலை. உனக்கெல்லாம் எதுக்கு லேப்டாப்பு? கண்ணாடியா வெச்சு முகம் பார்த்துக்கோ."

அவள், குழந்தை அழுகிறது என்று போனை வைத்தாள். குழந்தை அழுத சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்டிருக்கவில்லை.

விஷயம் மாப்பிள்ளை வாயிலிருந்துதான் வந்தது. அவர் வேறு எதற்கோ கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாகத் தடுமாறினார்.

"மச்சான், ஒண்ணு சொல்லலாமா, கோச்சுக்க மாட்டீங்களே? அவளை அன்னைக்கு ஏசினீங்க. அவ சோம்பிப் போய் விடலை மச்சான். மூணு சைஸ் வரைக்கும் அந்த மிஷின் எப்படியோ இழுத்துச்சு. அதுக்கு மேல போட்டா அப்படியே நின்னுடும். சூடு தணிஞ்சா நகரும்னு அட்டையை வெச்சு விசிறிக்கிட்டே உக்காந்திருப்பா. நான்கூட, குழந்தைக்கு விசிறுறதை விட அதுக்குத்தான் நீ அதிகமா விசிறுறேன்னு கிண்டல் பண்ணினேன்."

சின்னவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"கெடு வெச்ச நாள்ல மொத்தமாப் படுத்துடுச்சு. இவ என்ன பண்ணினா, தரையில காகிதத்தை விரிச்சு ஆறு சைஸையும் கையாலயே வரைஞ்சா. போட்டோ எடுத்து அனுப்பினா. கம்பெனிக்காரம்மா பார்த்துட்டு, 'கோடு எல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு, ஆனா எங்க மிஷினுக்குக் கோப்புதான் வேணும்மா'ன்னுட்டாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினா. அண்ணன் ஆசையா அனுப்பினது, குறை சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடும்னு. தப்பு என்மேலயும்தான் மச்சான். அன்னைக்கு அந்த இஸ்திரிப் பெட்டிப் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாது. நாக்குக்கு எலும்பா இருக்கு?"

அவரைத் திட்டினால் பாரம் இறங்கும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் அன்றைக்குச் சிரிக்க மட்டும்தான் செய்தார். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தவன் இவன். பாதி மெமரி என்று தெரிந்தவன் இவன். தெரியாமல் செய்த தப்பென்றால் ஒரு கும்பிடு போட்டுத் தாண்டிவிடலாம். தெரிந்தே செய்ததை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் குத்துகிறது.

தங்கச்சியைக் கூப்பிட்டான்.

"மாப்பிள்ளை சொல்லிட்டாரு," என்றான்.

"அவர் வாயை ஊசி நூலால தைக்கணும்," என்றாள் அவள்.

"நான் ஏசினப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னண்ணா சொல்றது? உள்ள நல்லா இருக்குல்லன்னு அன்னைக்கே கேட்டேன். நீ அம்மாவுக்குத்தான் பதில் அனுப்பின."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தான்.

"வேற வாங்கி அனுப்பறேன்."

"வேணாம்ண்ணா. மறுபடியும் நீ ஓடுவ, மறுபடியும் இவங்க பேசுவாங்க." பிறகு, கேட்டும் கேட்காத குரலில், "அந்தக் கம்பெனிக்காரம்மா மட்டும் நல்லவங்க. கோப்பா அனுப்ப முடியறப்ப திரும்ப எழுது, பார்க்கிறோம்னாங்க," என்றாள்.

அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவன் மறுநாள் கடைக்குப் போனான். கறுப்பு லேப்டாப் அன்றைக்கே போய்விட்டது என்றார் கடைக்காரர். "அந்தச் சரக்கு இனி எங்க தம்பி வருது? இப்ப வர்றதெல்லாம் ஒல்லி. எல்லாத்தையும் உள்ளேயே ஒட்டி அனுப்பிடுறான்." இருந்தாலும் அலமாரியில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றிலும் காலிப் பள்ளம் இல்லை. தாடி கூடவே நின்றான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவன் சொல்வான் என்று சின்னவன் காத்திருந்தான். அவன் சொல்லவில்லை. வேறு கடைகளிலும் விசாரிக்கலாம் என்று மட்டும் சொன்னான். விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது, வீட்டிலோ வேலை இடத்திலோ, கனமாக இருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்று ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்கிப் போட்டிருந்தால், தூக்கி எறிவதற்கு முன்னால் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். மெமரி செருக ஒரு பள்ளம் காலியாக இருந்தால் தகவல் சொல்லுங்கள். கீறல் இருக்கலாம், எழுத்து அழிந்திருக்கலாம். ஒரு தையல்காரிக்கு வேண்டும். சின்னவன் நேரே வந்து வாங்கிக்கொள்வான்.