மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசை

விட்லாக் பள்ளி அலுவலகத்தில் நான் இருபத்திரண்டு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். ரமோனா ஃபைஸ்ட் நான் பார்த்த ஐந்தாவது கண்காணிப்பாளர், அதாவது பள்ளியை நடத்தும் தலைமை அதிகாரி. முதல் ஆள் எங்களுக்குக் கட்டளை போட்டார், இரண்டாவது ஆள் மீன் பிடித்தார், மூன்றாவது ஆள் நிறையப் பேசினார், நான்காவது ஆள் வேறு வேலை தேடிக்கொண்டே இருந்தார். எனவே ஜூலை மாதம் ரமோனா ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கியபோது நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஐம்பத்தொரு வயது. குட்டையான உருவம். இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். முதல் நாளே ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களையும் உட்காரவைத்து, "டிசம்பர் மாசம் அறிக்கை தர்றேன். அதுவரைக்கும் பாப்பேன், கேப்பேன், எதையும் மாத்த மாட்டேன்" என்றார்.

எங்கள் பள்ளி மாவட்டத்தில் மொத்தமே நூற்று அறுபத்து மூன்று பிள்ளைகள், ஒரே கட்டிடம். சுற்றிலும் கோதுமையும் சூரியகாந்தியும். பார்ப்பதற்கு என்ன பெரிதாக இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

வாரியத் தலைவர் டுவேன் ஆப்டால் அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் பின்தங்கி நின்றார். இரண்டாயிரம் ஏக்கர் விவசாயி, நல்ல மனிதர், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு.

"எல்லாத்தையும் டிசம்பர் வரைக்கும் பாருங்க, ரமோனா. ஆனா மூணாம் வகுப்பை இப்பவே பாருங்க. நாலு வருஷமா வாசிப்புப் பரீட்சையில மூணாம் வகுப்பு கீழே கீழே போகுது. டெலோரிஸுக்கு வயசாயிடுச்சு. அவளை மரியாதையா வீட்டுக்கு அனுப்பற வழியைப் பாருங்க."

டெலோரிஸ் கிட்டில்சன் இருபத்தொன்பது வருடமாக மூன்றாம் வகுப்பு நடத்துகிறவள். டுவேனின் இரண்டு மகள்களும் அவளிடம் படித்தவர்கள்தான். ஆனால் ஊரில் பேச்சு அப்படித்தான் இருந்தது. கோதுமை விற்கப் போகும் தானிய நிலையத்திலும் சர்ச் வாசலிலும் அதையேதான் சொன்னார்கள். நானும் சொன்னேன், மறைப்பானேன்.

செப்டம்பரில் ரமோனா அந்த வகுப்புக்கு இரண்டு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம், கதவருகில் நின்றபடி. இரண்டாம் தடவை திரும்பி வந்து டெலோரிஸுக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். ஆசிரியை பிள்ளைகளிடம் தேவையில்லாமல் குரலை உயர்த்துகிறார். பின்வரிசைப் பிள்ளைகளின் கவனம் பாடத்தில் இல்லை. இரண்டையும் கிறிஸ்துமஸுக்குள் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருட ஒப்பந்தம் பற்றி வாரியம் யோசிக்கும். எதையும் மாற்ற மாட்டேன் என்று சொன்னவர் இப்படி எழுதியதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் அடித்துக் கொடுத்தேன்.

டெலோரிஸ் என் மேசைக்கு முன்னாலேயே நின்று அதைப் படித்தாள். நான்காக மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு பிழைகூட இல்ல, அர்லிஸ். நல்லா அடிச்சிருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மதியம் பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த சாப்பாடு, சில்லி என்ற பீன்ஸ் கறியும் இனிப்பு கேரமல் ரோலும் போட்ட நாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரமோனாவிடம் வேறொரு திட்டமும் இருந்தது. மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொன்றிலும் முழுதாக ஒரு நாள் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்காருவது. காலை மணியிலிருந்து மாலை மணிவரை, அதே நாற்காலி, அதே பென்சில், அதே சாப்பாட்டு வரிசை. பழைய கண்காணிப்பாளர்கள் யாரும் செய்யாத காரியம் என்பதால் டீச்சர்கள் முதலில் சிரித்தார்கள். மழலையர் வகுப்பில் மதியம் எல்லோரோடும் பாயில் படுத்து நிஜமாகவே தூங்கிப்போனார் என்று தெரிந்ததும் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. முதல் வகுப்பில் பசை ஒட்டிய கையோடு வந்தார். இரண்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு விழுந்த பல்லைக் கையில் வாங்கி உறையில் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் மூன்றாம் வகுப்பின் முறை வந்தது.

கடைசி வரிசையில், சுவரோரம், டெஸ்ஸா என்ற பெண்ணுக்குப் பக்கத்தில் ரமோனாவுக்கு இடம் கிடைத்தது. டெலோரிஸ் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லையாம். காலை பத்து மணிக்குச் சொல்வதெழுதுதல். பத்துச் சொற்கள்.

பத்தரைக்கு இடைவேளை மணி அடித்தது. ரமோனா கையில் ஒரு தாளோடு அலுவலகத்துக்குள் வந்தார்.

"அர்லிஸ், எனக்குப் பத்துக்கு ஆறு."

"என்ன ஆறு?"

"சொல்வதெழுதுதல். நான் முதுகலைப் பட்டம் வாங்கினவ. டெலோரிஸ் ஒல்லிங்கற அர்த்தத்துல இங்கிலீஷ் 'தின்'னு சொல்லியிருக்கா, நான் மீன் செட்டைங்கற 'ஃபின்'னு எழுதியிருக்கேன். அவ கத்தித்தான் சொல்றா, எனக்குக் கேக்கலை. அந்தச் சுவருக்குப் பின்னாடி 'உம்ம்'னு ஒரு சத்தம். கொஞ்ச நேரத்துல அது இருக்கறதே மறந்துபோயிடுது. ஆனா சொல்லோட நுனியையெல்லாம் அது தின்னுடுது." நாற்காலியில் உட்கார்ந்தார். "பக்கத்துல இருந்த டெஸ்ஸாவுக்குப் பத்துக்குப் பத்து. எப்படிம்மா உனக்கு மட்டும் கேக்குதுன்னேன். என்ன சொன்னா தெரியுமா? 'கேக்காது. முன்னாடி உக்காந்திருக்கறவளோட பென்சில் எப்படி ஆடுதுன்னு பாத்து எழுதுவேன்'னு சொல்றா."

கட்டிடப் பராமரிப்பைப் பார்க்கும் கார்டியைக் கூப்பிட்டோம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"அதுவா? ஜிம்முக்குக் காத்து தள்ற பெரிய ஃபேன், பாஸ். வருஷம் பூராவும் ஓடும். நிறுத்தினா ஜிம் நாறிப்போயிடும்."

"அவ்வளவு சத்தமா அது?" என்றேன் நான்.

"நான் அந்த ஃபேன் அறைக்குள்ள போனா காதுல பஞ்சு வெச்சுக்குவேன்," என்றான் கார்டி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணாம் வகுப்பு எப்பவும் அங்கேதான் இருக்கா?" என்று ரமோனா கேட்டார்.

இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் மாடியில் மூன்றாம் வகுப்பு நடந்த கிழக்கு அறையின் கூரை ஒழுகியது. அப்போது தற்காலிகமாகக் கீழே கொண்டுவந்தோம். பிறகு அந்தத் தற்காலிகம் அப்படியே நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் இரும்பு அலமாரியின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன். டெலோரிஸ் முந்தைய கண்காணிப்பாளருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள். 'அறையில் இரைச்சல் அதிகம், பின்வரிசைக்குக் கேட்பதில்லை, வேறு இடம் தர முடியுமா.' இரண்டின் மேலும் 'வந்து சேர்ந்தது' என்று முத்திரை குத்தியிருந்தது. குத்தியவள் நான். கோப்பில் வைத்தவளும் நான்தான்.

ரமோனா இரண்டையும் படித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க கோப்புல வெச்சீங்க. நான் கதவுகிட்ட நின்னுட்டு ஒருத்தியோட இருபத்தொன்பது வருஷத்துக்குத் தீர்ப்பு எழுதினேன். வாங்க, ரெண்டு பேரும் போவோம்."

பிள்ளைகள் இன்னும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். டெலோரிஸ் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரமோனா நேராக முன்னால் போய் நின்றார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன், டெலோரிஸ். கோளாறு அறையில. உங்ககிட்ட இல்ல. மன்னிச்சுக்கோங்க."

டெலோரிஸ் துடைப்பதை நிறுத்தவில்லை. "என்ன? கேக்கலை."

ஒரு கணம் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரமோனா மறுபடியும் சொன்னார், உரக்க.

"ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன்," என்றாள் டெலோரிஸ். "மூணாவது தடவை கெஞ்ச எனக்கு மனசு வரலை. அது என் தப்புன்னு வெச்சுக்கோங்க. ஆனா நீங்க என்னைக் குறை சொன்னது எழுத்துல. வாயால மன்னிப்புக் கேட்டா சரியாயிடுமா? எழுத்துலயே திருப்பி எடுங்க. என்னை அனுப்பணும்னு பேசினாங்களே, அவங்க முன்னாடி படிங்க."

"படிக்கிறேன்," என்றார் ரமோனா.

நவம்பர் மாத வாரியக் கூட்டம் வழக்கமான அறையில் இல்லை, மூன்றாம் வகுப்பில் என்று நான்தான் கதவில் அறிவிப்பு ஒட்டினேன். காரணம் கேட்டவர்களிடம் எனக்குத் தெரியாது என்றேன். ஐந்து உறுப்பினர்களும் முழங்கால் நெஞ்சைத் தொட, பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டுவேனைக் கடைசி வரிசையில் சுவரோரம் உட்காரவைத்தார் ரமோனா. பிறகு ரமோனாவே முன்னால் நின்று நிகழ்ச்சி நிரலை வழக்கமான குரலில் படிக்க ஆரம்பித்தார். யாருக்கும் கையில் தாள் கொடுக்கவில்லை.

முதல் சில நிமிடம் எல்லோரும் காதை முன்னால் நீட்டினார்கள். பிறகு அலுத்துப்போய் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் நகத்தைப் பார்த்தார். டுவேன் பிள்ளைகள் மேசையில் கிறுக்கிவைத்திருந்த மாட்டுப் படத்துக்கு விரலால் கொம்பு வரைந்துகொண்டிருந்தார்.

"அடுத்தது ஒரு தீர்மானம். ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்," என்று ரமோனா அதே குரலில் தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். அவர் கையைப் பார்த்து முன்வரிசை தூக்கியது. அதைப் பார்த்துப் பின்வரிசையும் தூக்கியது. ஏகமனதாக நிறைவேறியது.

"அர்லிஸ், குறிப்பைச் சத்தமாப் படிங்க."

நான் எழுந்து கத்தினேன். "அடுத்த வருஷம் நவம்பர் கூட்டம், மான் வேட்டை தொடங்கற வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு!"

ஊரே வேட்டைக்குக் கிளம்புகிற நேரம் அது; டுவேன் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "என்னது? வேட்டை நாள்லயா? எவன்யா இதுக்குக் கை தூக்கினது?"

"நீங்கதான்," என்றேன்.

"எனக்கு ஒரு எழவும் கேக்கலையே!"

"அப்புறம் ஏன் தூக்கினீங்க?" என்று ரமோனா கேட்டார்.

"முன்னாடி அவன் தூக்கினான், நானும்..." டுவேன் பாதியில் நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். கையை அதன்மேல் வைத்தார். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

ரமோனா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி தன் கடிதத்தைப் படித்தார். செப்டம்பரில் எழுதியது தவறு என்றும், நாற்பது நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு எழுதியது என்றும், அதைத் திரும்பப் பெறுவதாகவும் அதில் இருந்தது. ஆசிரியை இரண்டு முறை எழுதிக் கேட்டும் இந்த அலுவலகம் பதில் தரவில்லை என்றும் இருந்தது. டெலோரிஸ் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

வேட்டை நாள் தீர்மானத்தை ஒரே நிமிடத்தில் ரத்து செய்தார்கள். இரண்டையும் நான் குறிப்பில் எழுதினேன். பிறகு, பிள்ளைகளை எங்கே மாற்றுவது என்ற கேள்வி வந்தது. மாடி அறையின் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது; வேறு காலியாக இருந்தது ஒரே அறைதான். வாரியம் கூடுகிற, விளையாட்டுக் கோப்பைகள் அடுக்கிய அறை. நான்கு சுவரும் கண்ணாடி அலமாரி. அதில் நடுவில் நிற்பது டுவேன் விளையாடிய கூடைப்பந்து அணியின் மாநிலக் கோப்பை.

உறுப்பினர் ஒருவர், "ஊர்க்காரங்க கோப்பையைத் தொட விட மாட்டாங்களே" என்று இழுத்தார்.

டுவேன் தன் தொடையைத் தட்டினார். "கோப்பைக்கு என்ன காதா இருக்கு? இங்க கொண்டாந்து வைங்க. சனிக்கிழமை நான் டிரெய்லரோட வர்றேன்."

சனிக்கிழமை எட்டு பிக்கப் வண்டிகள் வந்தன. மதியத்துக்குள் வேலை முடிந்தது.

டெலோரிஸின் குரல் தணிய மூன்று வாரம் ஆனது. நான்கு வருடப் பழக்கம் உடனே போகுமா? முதல் நாட்களில் அவள் கத்துவதைக் கேட்டு அடுத்த அறை டீச்சர் ஓடிவந்து எட்டிப்பார்த்தாளாம். டிசம்பரில் ஒரு நாள் நான் அந்த வழியாகப் போனபோது கதவு திறந்திருந்தது. அவள் கதை படித்துக்கொண்டிருந்தாள், கிட்டத்தட்ட ரகசியம் சொல்கிற குரலில். டெஸ்ஸா யாருடைய பென்சிலையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி டெலோரிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரமோனா தன் அறிக்கையைத் தந்தார். இருபத்தாறு பக்கம். பஸ் வழித்தடம், சமையலறை, அறிவியல் கூடம் எல்லாம் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் முதல் பத்தியாகத் தன் தவற்றைப் போட்டிருந்தார். "இதைக் கடைசிக்குத் தள்ளிடட்டுமா? முதல் அறிக்கை, பாக்க நல்லா இருக்காது," என்றேன்.

"இதைப் படிச்சாத்தான் மத்த இருபத்தஞ்சு பக்கத்தை நம்புவாங்க. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

டெலோரிஸ் அவரோடு சிநேகமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்தாள். ரமோனாவின் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"இந்த வருஷப் பிள்ளைங்க தப்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் அந்த ரூம்ல உக்காந்ததுங்க? இப்ப நாலாம் வகுப்பிலேருந்து ஏழு வரைக்கும் இருக்குதுங்க. கடைசி வரிசையில யார் யார் இருந்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

ரமோனா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே நான்கு வகுப்புகள், ஐம்பத்தாறு பெயர்கள். இரண்டு வாரமாக ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கக் கேட்டிருக்கிறார். பத்தொன்பது பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது.

டெலோரிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். பென்சில் கேட்டாள். இரண்டு பெயருக்குப் பக்கத்தில் கூடுதலாகப் புள்ளி வைத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் சமாளிக்கக் கத்துக்கிட்டவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "செவ்வாய், வியாழன். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம். என் ரூம்ல. நீங்களும் வரணும், ஒருத்தியால முடியாது."

"வர்றேன்," என்றார் ரமோனா.

ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. இருபத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு அந்தக் குட்டி நாற்காலிகள் போதவில்லை, கால்களை வரிசைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டெலோரிஸ் ஒரு மூலையில் ஆறு பேரோடும், ரமோனா இன்னொரு மூலையில் ஆறு பேரோடும் இருந்தார்கள். மீதி ஆறு பேரை என்னிடம் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்றேன்.

"கேக்கத் தெரியும்ல? அது போதும்," என்றாள் டெலோரிஸ்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் இருந்த பையனிடம் முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்.