சாவடிக் கிணறு

“கன்னையனையும் நல்லானையும் கூட்டிட்டு வாங்க. மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம் பண்ணோணும், குழி வெட்ட வேற ஆளுக்கு எங்க போறது?” பெரியத்தா காஜா மொய்தீன் போட்ட சத்தம், இறந்துபோன அத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாயிராவைத் தூக்கி நிறுத்தியது.

“கெணத்துல எறங்கியிருக்கறவங்களக் கூப்பிடாதீங்க பெரியத்தா. இன்னும் ஒரு முழந்தானாம். பதினோரு மணிக்குத் தாசில்தார் வர்றாருங்க.”

“மையத்த ஊட்ல வெச்சுக்கிட்டுக் கிணறு தோண்டறியா?”

“ஆமாங்க. அத்தா தோண்டுன கிணறு.”

தனக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. பெரியத்தா முணுமுணுத்துக்கொண்டே திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் பின்னால், பல்லடம் ரோட்டோரம் இடிந்து கிடந்தது கல் சாவடி. எந்தக் காலத்திலோ பாலக்காட்டுக் கணவாய்க்குப் பொதிமாடு ஓட்டிப்போன வணிகர்கள் தங்கக் கட்டியது. அப்புறம் பட்டாளத்துக் குதிரைகள் நின்றன, கூரை விழுந்தது, பாதி ஊர் அதன் கல்லைத் தூக்கிப்போய் வாசற்படி போட்டுக்கொண்டது. மிச்சத்தை ஏலம் விட்டு அங்கே பனியன் கம்பெனி கட்டப்போகிறார்கள். தண்ணீருள்ள பொதுக் கிணறு இருந்தால் ஏலம் இல்லை என்றிருந்தார் தாசில்தார். இருக்கிறது என்று அடித்துச் சொன்ன ஒரே ஆள் சாயிராவின் அத்தா ஹிதாயத்துல்லா. ஊர் சிரித்தது. தூர்ந்த கிணற்றில் இருபது முழம் மண் அள்ளியும் ஈரம் காணாமல் இன்று விடியலில் கண்ணை மூடிவிட்டார்.

“அம்மணீ! ஊத்து கண் தெறந்திருச்சுங்க!”

இடுப்பு வரை சேற்றோடு கன்னையன் ஓடி வந்தான். அழ வந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடினார்கள். சாயிராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நாளில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது.

பெரியத்தாவே அண்டாவைத் தூக்கினார். “தம்பிய அந்தத் தண்ணியிலயே குளிப்பாட்டுவோம்.”

நான்கு அண்டா வந்தது, நான்கும் செம்மண் கலங்கல்.

“இதுல எப்படிங்க?” என்றான் நல்லான்.

“தெளியட்டும். நீங்க போயி குழி வெட்டுங்க,” என்றார், அதுவரை அவசரப்பட்ட பெரியத்தா.

ஜீப்பிலிருந்து இறங்கிய தாசில்தார் அண்டாக்களைப் பார்த்தார். “சாவடித் தண்ணிங்களா?”

“ஆமாங்க,” என்றாள் சாயிரா.

“அப்ப ஏலம் இல்லீங்க.” செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் ஓரமாக உட்கார்ந்தார்.

யாரும் அண்டாவைத் தொடவில்லை. வெயில் முற்றத்துக்கு வந்தது. மண் படிந்து தெளிய, முதல் அண்டாவின் உள்பக்கத்தில் ஈயப் பூச்சு மெல்லத் தெரியத் தொடங்கியது.