கல்லைப் பார்த்து எழுதிக்கொண்ட பெயர்

என் புருஷன் ஷூபேல் ராம்ஸ்டெலுக்குக் கல்லறை கிடையாது. பசிபிக் கடலின் அடியில் எங்கோ கிடக்கிறான். திமிங்கில வேட்டைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரே ஏற்பாடுதான்: மாலுமிகள் தேவாலயத்தின் சுவரில் ஒரு வெள்ளைக் கல். அதில் பெயர், வயது, கப்பல், தேதி. அந்தக் கல்லுக்கு நேர் கீழே இருக்கும் பெஞ்சு அவன் வீட்டுப் பெண்ணுக்கு உரியது. ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் நான் ஷூபேலின் கல்லுக்குக் கீழே உட்கார்ந்து வந்தேன். அந்தக் கல்லைத்தான் பெயர்த்து எடுக்கப் போகிறோம் என்று சொன்னார்கள்.

காரணம் ஒரு புத்தகம். பாஸ்டன்காரர் ஆல்வின் தேயர் எழுதிய கடல் கதை. அதில் ஒரு துணை மாலுமி வருகிறான். கப்பல் மூழ்கும்போது தண்ணீர்ப் பீப்பாயையும் படகையும் திருடிக்கொண்டு, கூட இருந்தவர்களைக் கடலில் விட்டுவிட்டு ஓடுகிறான். பிறகு குடித்து, புழுத்துச் சாகிறான். அந்த மகானுபாவனுக்கு அவர் வைத்த பெயர் ஷூபேல் ராம்ஸ்டெல்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. பாஸ்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். ஜெபம் நடக்கும்போதே கல்லைக் காட்டிச் சிரித்தார்கள். எவனோ ஒரு புண்ணியவான் ஆணியால் கல்லின் ஓரத்தில் 'திருடன்' என்று கீறிவிட்டுப் போனான். நான் ஈரத் துணியும் மணலும் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. தேய்க்கத் தேய்க்க எனக்கு வயிறு எரிந்தது.

வெளியூர்க்காரர்களையாவது விட்டுவிடலாம். எங்கள் ஊருக்கு என்ன வந்தது? கவிழ்ந்த படகிலிருந்த ஆறு பேரைத் தன் படகில் ஏற்றிவிட்டு, ஆறாவது ஆளை மேலே தள்ளிய களைப்பிலேயே முழுகிப்போனவன் என் ஷூபேல். அந்த ஆறு பேரும் சேர்ந்து வைத்த கல் அது. ஆனால் சாட்சி சொல்ல அவர்களில் ஒருத்தன்கூடக் கரையில் இல்லை. வேட்டைக்கப்பல் ஒரு தடவை போனால் மூன்று நாலு வருஷம். அவர்கள் இல்லாத நேரத்தில் புத்தகம் வந்தது, ஊர் அதை நம்ப ஆரம்பித்தது. மெழுகுவத்தித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவளே, நெருப்பில்லாமல் புகையுமா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். மீன் வாங்கப் போனால் முதுகுக்குப் பின்னால் 'படகுத் திருடன் பொண்டாட்டி' என்று ஒரு குரல் வரும். திரும்பினால் எல்லோரும் மீனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் தேவாலயக் கமிட்டி கூடியது. தலைவர், சபை மூப்பரான டீக்கன் எலிஹு பேடக். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். அவருடைய ஒரே மகன் அமோஸுக்கும் எங்கள் சுவரில் கல் உண்டு, ஷூபேலின் கல்லிலிருந்து மூன்றாவது. பாய்மரத்திலிருந்து விழுந்து செத்தபோது பையனுக்குப் பத்தொன்பது வயது. டீக்கன் என் வீட்டுக்கு வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆராதனைக்கு அமைதி வேண்டும், சனிக்கிழமை கொத்தனார் வருவார், கல்லை நீயே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"அவன் அப்படிச் செய்யலன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, டீக்கன் ஐயா?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. ஆனா வர்றவங்களுக்குத் தெரியாதே," என்றார்.

தெரிந்தே செய்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போன பிறகு மாவு பிசைய உட்கார்ந்தேன். அந்த மாவை நான் குத்திய குத்துக்கு ரொட்டி செங்கல்லாகத்தான் வந்தது.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் அந்த எழுத்தாளரே எங்கள் ஊர் மண்டபத்தில் பேச வந்தார். போகாதே, போனால் உனக்குத்தான் அவமானம் என்று நாலு பேர் சொன்னார்கள். இதற்குமேல் என்ன அவமானம் இருக்கிறது என்று போய் நடுவில் உட்கார்ந்தேன். டீக்கன் முதல் வரிசையில் இருந்தார்.

தேயர் பார்க்க இளமையாக, சிரித்த முகமாக இருந்தார். எனக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. கொம்பு முளைத்தவனாக இருந்திருந்தால் சுலபம். கதை மனிதர்களுக்கு எங்கிருந்து பெயர் பிடிக்கிறார் என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் எங்கள் தேவாலயத்தில் ஒதுங்கினாராம். சுவரைப் பார்த்தாராம். அடடா, எத்தனை அழகான பெயர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாராம். உயிரோடிருக்கிறவன் பெயரை வைத்தால் சண்டைக்கு வருவான், செத்தவனிடம் அந்தத் தொல்லை இல்லை என்றார். கூட்டம் சிரித்தது. என் ஊர்க்கூட்டம்தான், சிரித்தது.

நான் எழுந்தேன்.

"நான் ஷூபேல் ராம்ஸ்டெலோட சம்சாரம்," என்றேன். "அந்த நோட்டுல வேற யார் யார் பேரை எழுதியிருக்கீங்க? படிங்க, கேக்கலாம்."

அவர் முகம் சிவந்தது. என் புருஷனைத் தனக்குத் தெரியவே தெரியாது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அந்தப் பெயரின் ஓசை பிடித்தது, அவ்வளவுதான் என்றார். படிங்க என்றேன். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டவோ என்னவோ, சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பெயரையும் அதற்குக் கதையில் வைத்திருந்த வேஷத்தையும் படித்தார். வில்லியம் டாகெட், சமையற்காரன், குடிகாரன். எனக்குப் பின்னால் டாகெட்டின் தங்கை மூச்சை இழுத்துக்கொண்டாள். ஜேபஸ் ஹாலட், காட்டிக்கொடுப்பவன். ஹாலட்டின் அம்மா, மெழுகுவத்தித் தொழிற்சாலையில் என்னை அந்தப் பார்வை பார்த்தவள், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அமோஸ் பேடக்," என்று படித்தார். "கேப்டனைக் கொன்னுட்டுத் தூக்குல தொங்குறவன். இதெல்லாம் அடுத்த புத்தகத்துக்கு."

டீக்கனின் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிவந்து, பிறகு வெளுத்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. நல்லா கேளுங்க என்றுதான் இருந்தது.

தேயர் முட்டாள் இல்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அடுத்த பதிப்பில் ஷூபேலின் பெயரை மாற்றிவிடுவதாக என்னிடம் வாக்குக் கொடுத்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவரைப் போல, "நீங்களே ஒரு பேர் சொல்லுங்கம்மா. அதையே வைக்கிறேன்," என்றார்.

நான் யாருடைய பெயரைச் சொல்ல? எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்குக் கீழே எவளோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

"உங்க பேரையே வைங்க," என்றேன். "ஆல்வின் தேயர். ஓசை நல்லாத்தானே இருக்கு?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அதெப்படிம்மா," என்றார், யோசிக்காமல். "எங்கம்மா உயிரோட இருக்காங்க. அவங்க படிப்பாங்களே."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது போலிருக்கிறது. பென்சிலைக் கீழே வைத்தார். ஹாலட்டின் அம்மா எழுந்து வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் டாகெட்டின் தங்கை போனாள். பிறகு வரிசை வரிசையாகப் போனார்கள்.

டீக்கன் பேடக் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், கல் அங்கேயே இருக்கும் என்றார். என் கையைப் பிடிக்க வந்தார்.

நான் கையைக் கொடுக்கவில்லை.

"ஷூபேல் பேர் ஒரு வருஷமா நாறிட்டிருந்துச்சு, டீக்கன் ஐயா," என்றேன். "உங்க பையன் பேரு அரை நிமிஷம் நாறினதுக்கே உங்களுக்குத் தாங்கல."

நான் வீட்டுக்கு நடந்தேன். கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன், அதுவும் கோபத்தில்தான்.